கேள்வி முதலில், போன் பிறகு: இணையத்தில் படிக்கும் மலையகச் சிறு பிள்ளைகளின் பெற்றோருக்கும் டீச்சர்மாருக்கும் ஒரு முழுமையான வழிகாட்டி

"ஏம்மா, பனி வீட்டுக்குள்ள வந்தா மட்டும் காணாம போவுது?"

நானுஓயாவிலோ தலவாக்கலையிலோ இஸ்தோப்பில் (வாசல் திண்ணையில்) நின்றுகொண்டு ஐந்து வயதுப் பிள்ளை இப்படிக் கேட்கும். மலையில் நாள் முழுக்கக் கொழுந்து எடுத்துவிட்டுக் களைத்து வந்த அம்மா, "இந்தா, போன்ல பாரு" என்று நீட்டுவார். பிள்ளை பார்க்கிறது. நாலு நிமிட வீடியோவில் மேகம், மழை, வானவில் எல்லாம் வருகின்றன. கேட்டது மட்டும் வரவில்லை. அது முடிந்ததும் அடுத்தது தானாக ஓடுகிறது. இருபது நிமிடத்தில் பிள்ளை கார்ட்டூனுக்குள் இருக்கிறது. பனி என்ன ஆனது என்று பிறகு யாரும் கேட்பதில்லை.

போனைக் குறை சொல்லிப் பயனில்லை. 2020 மார்ச்சில் இலங்கையில் பாடசாலைகள் மூடப்பட்ட பிறகு தோட்டத்துப் பிள்ளைகள் சிக்னல் தேடி மலைமேட்டுக்கு ஏறியதை நாடே பார்த்தது. அதற்குப் பிறகும் அடைமழை, மண்சரிவு எச்சரிக்கை என்று பாடசாலை மூடும் நாட்களில் டீச்சரின் வட்ஸ்அப் குழுதான் வகுப்பறை. ஆகவே போன் இருக்கப்போகிறது. அதை எந்த இடத்தில் வைப்பது என்பதுதான் இங்கே பேச்சு.

இது 4 முதல் 8 வயது வரையான பிள்ளைகளுக்கு, அதாவது முன்பள்ளியிலிருந்து தரம் 3 வரை உள்ளவர்களுக்கு. அதற்குக் கீழே இருந்தால் இன்னும் கண்டிப்பாக இருங்கள். உலக சுகாதார அமைப்பு 2019இல் வெளியிட்ட வழிகாட்டல், இரண்டு வயது நிறையும்வரை உட்கார்ந்து திரை பார்ப்பதே வேண்டாம் என்கிறது; 2 முதல் 4 வயதுக்கு நாளொன்றுக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் போகக் கூடாது, குறைந்தால் இன்னும் நல்லது என்கிறது.

முதல் படி: போன் இல்லாத பகலை வீணாக்காதீர்கள்

பெரும்பாலான தோட்ட வீடுகளில் ஒரு போன்தான். காலையில் அது அப்பாவோடோ அம்மாவோடோ வேலைக்குப் போய்விடும். பிள்ளை அம்மாயியிடமோ (பாட்டியிடமோ) தோட்டத்துப் பிள்ளைக்காம்பராவிலோ (பிள்ளை பராமரிப்பு நிலையத்திலோ) இருக்கும். போன் திரும்பி வரும்போது மணி ஐந்தாகிவிடும். இதைக் குறை என்றுதான் எல்லோரும் நினைக்கிறார்கள். ஆனால் கேள்வி பிறப்பதற்கும் ஊறுவதற்கும் அந்த எட்டு மணி நேரத்தைப் போல வேறு நேரம் கிடைக்காது. கேட்டவுடன் பதில் கிடைத்தால் பிள்ளை தானாக ஊகிக்க இடமே இல்லை.

80 பக்கக் கொப்பி ஒன்று வாங்குங்கள். மூலையில் துளையிட்டு, சணல் கயிற்றில் கட்டி, பிள்ளையின் கைக்கு எட்டும் உயரத்தில் ஆணியில் தொங்கவிடுங்கள். பென்சிலையும் அதே கயிற்றில் கட்டிவிடுங்கள், இல்லாவிட்டால் மூன்றாம் நாள் பென்சில் இருக்காது. இதுதான் கேள்விக் கொப்பி. ஒரு நாளைக்கு ஒரு கேள்வி போதும். ஐந்து எழுதினால் ஒன்றையும் தேடிப் பார்க்க மாட்டீர்கள், கொப்பி கடன் புத்தகம் மாதிரி ஆகிவிடும். பிள்ளை கேட்ட வார்த்தையிலேயே எழுதுங்கள். "பனி காணாம போவுது" என்பதை "மூடுபனி ஆவியாதல்" என்று திருத்தினால் அது பிள்ளையின் கேள்வியாக இருக்காது. அம்மாயிக்கு எழுத வராதென்றால் பிள்ளை படம் வரையட்டும். மாலையில் அண்ணனோ அக்காவோ பக்கத்தில் ஒரு வரி எழுதிவிடலாம்.

பகலில் கூட இருக்கும் பெரியவர் செய்ய வேண்டியது ஒன்றுதான்: அவசரப்படாமல் இருப்பது. அமெரிக்க ஆய்வாளர் மேரி பட் ரோவ் வகுப்பறைகளில் பதிவுசெய்து பார்த்தபோது, ஆசிரியர்கள் கேள்வி கேட்டுவிட்டுச் சராசரியாக ஒரு விநாடிதான் காத்திருந்தார்கள். அதை மூன்று விநாடியாக நீட்டியதும் பிள்ளைகளின் பதில்கள் நீண்டன, அவர்களே கேட்கும் கேள்விகளும் கூடின. மனசுக்குள் ஒண்ணு, ரெண்டு, மூணு என்று எண்ணினால் போதும். இப்படி இருக்கும்:

"அம்மாயி, நாம வர்றது அட்டைக்கு எப்படித் தெரியும்?"

"தெரியலியே சாமி. நாம நின்னா அது என்ன செய்யுது?"

"தலையத் தூக்கி ஆட்டுது."

"மாடு வந்தா?"

பிள்ளை பேசாமல் இருக்கிறது. அம்மாயியும் பேசாமல் வெற்றிலையை மடிக்கிறார். "தெரியல. பாக்கணும்" என்கிறது பிள்ளை.

அந்த "பாக்கணும்" வந்துவிட்டால் அன்றைய வேலை முடிந்தது. அம்மாயிக்கு விடை தெரியாதது இங்கே குறையே இல்லை. தெரிந்திருந்தால் சொல்லியிருப்பார், பேச்சு அதோடு முடிந்திருக்கும்.

இரண்டாம் படி: கேள்வியைத் தரம் பிரியுங்கள்

மாலையில் கொப்பியைப் பார்க்கும்போது ஒவ்வொரு கேள்விக்கும் பக்கத்தில் ஓர் அடையாளம் போடுங்கள். கையால் கண்டுபிடிக்கலாம் என்றால் ஒரு கை வரையுங்கள். ஆளிடம் கேட்கலாம் என்றால் ஒரு முகம். இரண்டும் முடியாததற்கு மட்டும் போன். படம் வரைவதைப் பிள்ளையிடமே விடுங்கள். எந்தக் கேள்வியை எங்கே கொண்டுபோவது என்று முடிவெடுப்பதே பாதிப் படிப்பு.

"ஈரக் கொழுந்துக்கு ஏன் கிலோ கழிக்கிறாங்க?" இது கைக் கேள்வி. சட்டை மாட்டும் கம்பியின் இரு முனையிலும் ஒரே அளவான இரண்டு வெறும் யோகட் கப்பை நூலால் தொங்கவிட்டால் தராசு. ஒரு கப்பில் காய்ந்த துணித்துண்டு, மற்றதில் அதே அளவுத் துண்டை நனைத்துப் பிழிந்து போடுங்கள். எது இறங்குகிறது என்று பிள்ளைக்கே தெரிந்துவிடும். எவ்வளவு கழிப்பது நியாயம் என்ற அடுத்த கேள்வி பிறகு வரும். அது கொழுந்து நிறுக்கும் மடுவத்தில் பெரியவர்களுக்கே தீராத வழக்கு, அதனால் அதை முகக் கேள்வியாக அம்மாவிடம் அனுப்பிவிடுங்கள்.

தெமோதரையில் ரயில் ஏன் வட்டமடித்துத் தான் நின்ற ஸ்டேஷனுக்கு அடியிலேயே சுரங்கத்தால் போகிறது? பண்டாரவளை, எல்ல பக்கத்துப் பிள்ளைகள் கட்டாயம் கேட்பார்கள். இதையும் கையால் செய்யலாம். ஒரு மண்மேட்டில் கயிற்றை நேராக இறக்கி ஒரு கோலிக்குண்டை அதன் வழியே உருட்டுங்கள், பிறகு கயிற்றைச் சுற்றிவளைத்து இறக்கி அதே குண்டை உருட்டுங்கள். செங்குத்தான இறக்கத்தை நீளமான சாய்வாக மாற்றத்தான் அந்த வட்டம்.

அட்டைக்குக் கண் உண்டா என்பது போன் கேள்வி. பிள்ளையின் வெறும் கண்ணுக்குத் தெரியாது. (உண்டு. தரை அட்டைக்கு ஐந்து சோடிக் கண்கள். நிலத்தின் அதிர்வு, மூச்சில் வெளிவரும் காபனீரொட்சைட்டு, உடல் சூடு ஆகியவற்றையும் அது உணரும்.) சிவனொளிபாதமலையின் நிழல் விடியற்காலையில் முக்கோணமாக விழுவது முகமும் போனும் சேர்ந்த கேள்வி. சீசனில் மலையேறிய பக்கத்து லயத்து மாமாவிடம் முதலில் கேட்கட்டும், படத்தை அப்புறம் பார்க்கட்டும்.

மூன்றாம் படி: போனைப் பிள்ளைக்குக் கொடுக்குமுன்

யூடியூபில் ஆட்டோபிளேயை நிறுத்துங்கள். இந்த வழிகாட்டியில் ஒரே ஒரு காரியம்தான் செய்வீர்கள் என்றால் இதைச் செய்யுங்கள். வீடியோ ஓடும்போது திரையின் மேற்பகுதியில் அதற்கான சுவிட்ச் இருக்கிறது.

அடுத்தது, தேடுவதையும் பார்ப்பதையும் பிரிப்பது. கேள்விக்கான வீடியோவைப் பெரியவர் முதலில் தனியாகப் பார்த்து, பதிவிறக்க முடிந்தால் இறக்கி வைத்து, பிறகு பிளைட் மோடைப் போட்டுக் கொடுக்க வேண்டும். விளம்பரமும் வராது, அடுத்த வீடியோவும் வராது, நடுவில் போன் கோலும் வராது. இரவு டேட்டா உள்ள பெக்கேஜ் என்றால் பெரியவர் விடியற்காலையில் எழும்பும் நேரம் இறக்கி வைக்கலாம். 360 தரத்தில் நாலு நிமிட வீடியோ ஏறக்குறைய 20 எம்.பி. பிடிக்கும், 720 என்றால் மூன்று நாலு மடங்காகும். சின்னத் திரையில் பிள்ளைக்கு அந்த வித்தியாசம் தெரியாது, ரீலோட் போடுகிறவருக்குத் தெரியும்.

இயர்போன் வேண்டாம். பெரியவருக்கும் கேட்க வேண்டும். சத்தம் போதாவிட்டால் போனை ஒரு வெறும் எவர்சில்வர் கிண்ணத்தில் நிற்க வையுங்கள், சத்தம் கூடும். (இது ஏன் என்று பிள்ளை கேட்கும். கொப்பியில் எழுதுங்கள்.) பின்னேர மழை தகரத்தில் கொட்டும்போது எந்தக் கிண்ணமும் உதவாது, அந்த நேரத்தில் ஒலியை நம்பி எதையும் திட்டமிடாதீர்கள். இடி மின்னலோடு மழை வரும் மார்ச், ஏப்ரல், ஒக்டோபர், நவம்பர் பின்னேரங்களில் சார்ஜில் செருகியபடி போனைப் பிள்ளையின் கையில் கொடுக்கவே கூடாது.

நான்காம் படி: தமிழில் தேடுவது

கைகளால் தட்டுவதை விடச் சொல்லித் தேடுவது சிறு பிள்ளைக்கு எளிது. கூகுளின் விசைப்பலகைச் செயலியான ஜிபோர்டின் மொழிப் பட்டியலில் தமிழ் (இலங்கை) என்று தனியாக இருக்கிறது, அதைத் தெரிவுசெய்து ஒலிவாங்கிப் படத்தை அழுத்தினால் பேச்சு எழுத்தாகும். பிள்ளையே கேட்கட்டும். தப்பாக எழுதினால் சிரித்துவிட்டு மறுபடி சொல்லட்டும். தெளிவாகக் கேட்பது எப்படி என்பதை இதைவிட நன்றாக வேறு யாரும் கற்றுக்கொடுக்க மாட்டார்கள்.

ஆனால் நம் சொற்கள் அங்கே இடறும். "அட்டை" என்று மட்டும் தேடினால் அடையாள அட்டையும் வாழ்த்து அட்டையும் வந்து நிற்கும். "இரத்தம் உறிஞ்சும் அட்டைப்பூச்சி" என்று நீட்டிச் சொல்ல வேண்டும். "மலை" என்றால் நமக்குத் தேயிலை மலை, தேடுபொறிக்கு இமயமலை. எந்தச் சொல்லைச் சேர்த்தால் நினைத்தது வரும் என்று பிள்ளையோடு சேர்ந்து இரண்டு மூன்று தடவை முயன்று பாருங்கள்.

கிடைக்கும் தமிழ் வீடியோக்களில் பெரும்பகுதி தமிழ்நாட்டில் செய்தவை. நல்லவை நிறைய உண்டு, ஆனால் இரண்டு இடத்தில் கவனம் வேண்டும். ஒன்று சொல். அங்கே ஆக்ஸிஜன், ஒளிச்சேர்க்கை. நமது பாடப்புத்தகத்தில் ஒட்சிசன், ஒளித்தொகுப்பு. இரண்டும் ஒன்றுதான் என்று அங்கேயே சொல்லிவிடுங்கள், இல்லாவிட்டால் பரீட்சையில் எது சரி என்று பிள்ளை குழம்பும். மற்றது மழை. தமிழ்நாட்டு வீடியோ பெரிய மழை ஒக்டோபரில்தான் தொடங்கும் என்று சொல்லும். ஹட்டன், மஸ்கெலியா பிள்ளைக்கு மே முதல் செப்டெம்பர் வரை குடை மடக்க நேரமில்லை. அந்த மழை மாதங்களிலேயே ஊவாப் பக்கம் வறண்ட காற்று வீசும். "வீடியோ பொய் சொல்லுதா?" என்று பிள்ளை கேட்டால் அதைவிட நல்ல கேள்வி கிடையாது. தென்மேற்கிலிருந்து வரும் ஈரக்காற்று நம் மலையில் மோதி மேலேறி, குளிர்ந்து, மேற்குச் சரிவில் கொட்டிவிட்டுக் காய்ந்து போய் மறுபக்கம் இறங்குகிறது. ஹப்புத்தளையில் சொந்தக்காரர் இருந்தால் ஒரு குரல் பதிவு போதும்: "அத்தை, அங்க மழையா?" ஜூலையில் பத்து நாள் தொடர்ந்து கேட்டு, இரண்டு ஊருக்கும் மழைக்கு ஒரு கோடு, வெயிலுக்கு ஒரு வட்டம் என்று கொப்பியில் போடட்டும்.

பாடத்தோடு ஒட்டிய விடயங்களுக்குக் கல்வி அமைச்சின் ஈ-தக்சலாவ தளத்தில் தரம் வாரியாகத் தமிழ்மொழி மூலப் பகுதிகள் உள்ளன. கல்வி வெளியீட்டுத் திணைக்களத்தின் தளத்தில் பாடநூல்களை பிடிஎப் ஆக இறக்கலாம். கேள்வி கேட்டால் பதில் எழுதித் தரும் செயற்கை நுண்ணறிவுச் செயலிகளை இந்த வயதில் பிள்ளையிடம் கொடுக்க வேண்டாம். அவை தவறையும் சரியையும் ஒரே தைரியத்தோடு சொல்லும், அதைப் பிரித்தறிவது பெரியவருக்கே சிரமம்.

ஐந்தாம் படி: பார்க்கும்போது நிறுத்துங்கள்

நாலு நிமிட வீடியோவுக்குப் பத்து நிமிடம் எடுக்க வேண்டும். தொடங்குமுன் "என்ன வரும்னு நெனக்கிற?" என்று கேளுங்கள். சுவாரசியமான இடத்துக்குச் சற்று முன்னால் நிறுத்தி இன்னொரு முறை கேளுங்கள். பிள்ளையின் ஊகம் தப்பாக இருந்தால் முகத்தில் ஒரு கணம் வியப்பு தெரியும், அந்த இடத்தில் நீங்கள் பேசாமல் இருங்கள். மூன்று தடவைக்கு மேல் நிறுத்தினால் பிள்ளைக்கு எரிச்சல் வரும், அதுவும் நியாயம்தான்.

ஆறாம் படி: மறுபடி கைக்கு

இதைத்தான் பலர் விட்டுவிடுகிறார்கள், ஆகவே இரண்டு உதாரணங்களை முழுதாகச் சொல்கிறோம்.

முதலாவது, தேயிலை ஏன் கறுப்பாகிறது. பச்சையாகப் போகும் கொழுந்து ஸ்டோரிலிருந்து (தேயிலைத் தொழிற்சாலையிலிருந்து) கறுப்பாக வருவதைத் தோட்டத்துப் பிள்ளை தினமும் பார்க்கிறது. கொழுந்து எடுப்பவர் இடுப்பில் கட்டும் படங்கில் ஒட்டிக்கொண்டு வரும் ஒன்பது இளம் கொழுந்து போதும், இரண்டு இலையும் மொட்டுமாக. அண்மையில் மருந்து அடித்த மலையிலிருந்து எடுக்காதீர்கள். கழுவித் துடையுங்கள். மூன்று வெள்ளைத் தட்டுகள், தட்டுக்கு மூன்று கொழுந்து.

முதல் தட்டில் உள்ளதை அப்படியே விடுங்கள். இரண்டாவதைப் பிள்ளை உள்ளங்கைகளுக்கு நடுவே வைத்து மூன்று நிமிடம் அழுத்தி உருட்டட்டும். சாறு கசிந்து கை பச்சையாக வேண்டும். மூன்றாவதைப் பெரியவர் கொதிக்கும் நீரில் இரண்டு நிமிடம் போட்டு எடுத்து, ஆறவைத்து, துடைத்துப் பிள்ளையிடம் கொடுக்க வேண்டும். அதையும் பிள்ளை அதே போல மூன்று நிமிடம் உருட்டும். மூன்று தட்டையும் அடுப்புக்குப் பக்கத்தில், வெக்கை படும் ஆனால் சுடாத இடத்தில் வையுங்கள். 15ஆம், 30ஆம், 60ஆம் நிமிடங்களில் பார்த்து வண்ணப் பென்சிலால் கொப்பியில் தீட்டச் சொல்லுங்கள்.

இரண்டாம் தட்டின் ஓரங்கள் செம்பு நிறமாகித் தவிட்டு நிறத்துக்குப் போகும். முதல் தட்டு வாடும், அவ்வளவுதான். மூன்றாவது பச்சை மங்கினாலும் செம்பாகாது. இலை கசங்கும்போது உள்ளேயிருக்கும் நொதியம் (என்சைம்) மற்றச் சாறுகளோடும் காற்றிலுள்ள ஒட்சிசனோடும் கலந்து நிறத்தை மாற்றுகிறது. கொதிநீர் அந்த நொதியத்தைக் கெடுத்துவிடுவதால் மூன்றாவது மாறவில்லை. கிரீன் டீ செய்யும்போது முதலிலேயே சூடு காட்டுவது இதனால்தான்.

எங்கே பிழைக்கும்? முற்றிய இலை கசங்காது. வெயிலில் வைத்தால் நிறம் மாறுமுன் காய்ந்துவிடும். கொதிநீரில் அரை நிமிடம் மட்டும் போட்டு எடுத்தால் மூன்றாவதும் கொஞ்சம் சிவக்கலாம். நுவரெலியாவில் டிசம்பர், ஜனவரிக் குளிரில் ஒரு மணி நேரத்தில் எதுவும் தெரியாது, இரவு முழுக்க விட்டு விடியப் பாருங்கள். பிழைத்தாலும் அப்படியே எழுதி வைத்து, அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஒன்றை மட்டும் மாற்றிச் செய்யச் சொல்லுங்கள். இரண்டை ஒன்றாக மாற்றினால் எது காரணம் என்று தெரியாது.

இதற்குப் பிறகுதான் தேயிலைத் தொழிற்சாலை ரோலரின் வீடியோவைக் காட்ட வேண்டும். "நான் கையால செஞ்சததான் மெஷின் செய்யுது!" என்று பிள்ளையே சொல்லும். வரிசையை மாற்றாதீர்கள். லோரா பொனவிட்ஸ் குழுவினர் 2011இல் வெளியிட்ட ஓர் ஆய்வில், பல வேலைகள் செய்யும் ஒரு பொம்மையின் ஒரு வேலையை மட்டும் "இது இப்படித்தான்" என்று பெரியவர் கற்றுக்கொடுத்த முன்பள்ளிப் பிள்ளைகள், அதோடு நின்றுவிட்டார்கள்; யாரும் கற்றுக்கொடுக்காத பிள்ளைகள் மற்ற வேலைகளையும் தேடிக் கண்டுபிடித்தார்கள். வீடியோவும் அப்படிக் கற்றுக்கொடுக்கும் ஒரு பெரியவர்தான்.

இரண்டாவது, கொழும்பில் வேலை செய்யும் மாமாவோடு கடலை அவிப்பது. நுவரெலியா கடல் மட்டத்திலிருந்து 1,868 மீற்றர் உயரம். அங்கே காற்றழுத்தம் குறைவு, அதனால் நீர் 100 பாகையில் இல்லாமல் ஏறக்குறைய 94 பாகை செல்சியஸிலேயே கொதிக்கிறது. கொதித்தாலும் சூடு குறைவு, ஆகவே கடலை வேக நேரமெடுக்கும். இரண்டு வீட்டிலும் ஒரே கடையில் வாங்கிய கடலை 100 கிராம், முதல் நாள் இரவு 9 மணிக்கு ஊறவைக்க வேண்டும். ஞாயிறு காலை இரண்டு பக்கமும் ஒரு லீற்றர் தண்ணீர், மூடியுள்ள சட்டி, உப்பில்லை. கொதி வந்த நிமிடத்திலிருந்து 20, 30, 40, 50ஆம் நிமிடங்களில் மூன்று மூன்று நிமிட வீடியோ கோல் எடுங்கள். ஒவ்வொரு தடவையும் இரு பக்கமும் ஒரு கடலையை எடுத்து, ஆறவைத்து, விரலால் நசுக்கிக் காட்ட வேண்டும். பிரஷர் குக்கர் உதவாது, அது அழுத்தத்தைக் கூட்டி வித்தியாசத்தை மறைத்துவிடும். விறகு அடுப்பா கேஸா என்பது கவலையில்லை, கொதித்துக்கொண்டே இருந்தால் சரி. தீயைக் கூட்டினால் நீர் சீக்கிரம் வற்றுமே தவிரச் சூடு ஏறாது. அடுப்படியில் பிள்ளைக்கு ஒரு கோடு கிழித்து அதைத் தாண்டாமல் நிற்கச் சொல்லுங்கள்.

நேரடிக் கோலுக்கும் பதிவுசெய்த வீடியோவுக்கும் உள்ள வித்தியாசம் சின்னதில்லை. 2014இல் வெளியான ஓர் ஆய்வில் 24 முதல் 30 மாதப் பிள்ளைகள் நேரடி வீடியோ அழைப்பில் பேசியவரிடமிருந்து புதுச் சொல்லைக் கற்றார்கள், பதிவிலிருந்து கற்கவில்லை. எதிரே இருப்பவர் தனக்குப் பதில் சொல்கிறார் என்பதுதான் காரணம்.

காணாமல் போகும் பனிக்கும் இதே அடுப்படியில் விடை இருக்கிறது. கேத்தல் கொதிக்கும்போது மூன்று அடி தள்ளி நின்று கேத்தலின் மூக்கைப் பார்க்கச் சொல்லுங்கள். மூக்குக்கு மிக அருகே ஒன்றும் தெரியாது, கொஞ்சம் தள்ளி வெள்ளைப் புகை மாதிரி, இன்னும் தள்ளி மறுபடி ஒன்றுமில்லை. வெள்ளையாகத் தெரிவது குட்டி நீர்த்துளிகள், அவை காய்ந்த காற்றில் கலந்ததும் கண்ணுக்குத் தெரியாத நீராவியாகிவிடும். வீட்டுக்குள் வரும் பனிக்கும் உள்ளேயிருக்கும் சூட்டில் அதுதான் நடக்கிறது.

இணைய வகுப்பு எடுக்கும் டீச்சர்மாருக்கு

சூமில் 30 பிள்ளைகள், 30 நிமிடம் என்றால் ஆளுக்கு ஒரு நிமிடம், அதிலும் பாதி "டீச்சர் கேக்குதா?"வில் போய்விடும். ஆறு ஆறு பேராகப் பிரித்து 15 நிமிடம் எடுப்பது மேல். அதற்கு வழியில்லாவிட்டால் சூமை விட்டுவிட்டு வட்ஸ்அப்பில் ஒரு படமும் ஒரு நிமிடத்துக்குள் ஒரு குரல் பதிவும் அனுப்புங்கள், டேட்டாவில் அது ஒரு பொருட்டே இல்லை. அந்தப் பதிவில் ஒரே ஒரு கேள்விதான் இருக்க வேண்டும். சுற்றாடல் சார்ந்த செயற்பாடுகளில் வரும் தலைப்பு எதுவானாலும், நாளை கொண்டுவர ஒரு பொருளைச் சொல்லி முடியுங்கள்: ஒரு இலை, ஒரு கல், ஒரு கரண்டி.

வீட்டைக் காட்டச் சொல்லும் செயற்பாடுகள் வேண்டாம். பத்துக்குப் பன்னிரண்டு அடிக் காம்பராவில் ஐந்து பேர் இருக்கும்போது பிள்ளை கூச்சப்பட்டு கமராவை மூடும்; கமராவை மூடிய பிள்ளை கேள்வியும் கேட்காது.

மூன்று விநாடிக் காத்திருப்பு இங்கே ஆறு விநாடியாக வேண்டும், சிக்னல் போய்வரவும் மியூட்டை எடுக்கவும் நேரமாகும். கேள்வியை முதலில் கேளுங்கள், பெயரை அப்புறம் சொல்லுங்கள். பெயரை முதலில் சொன்னால் மற்ற ஐந்து பேரும் யோசிப்பதை நிறுத்திவிடுவார்கள். நேற்று ஒரு பிள்ளை அனுப்பிய கேள்வியை இன்றைய பாடத்தின் முதல் வரியாக, அந்தப் பிள்ளையின் பெயரோடு வாசித்துப் பாருங்கள்; அடுத்த வாரம் குழு நிரம்பும்.

வழக்கமாகப் பிழைக்கும் இடங்கள்

கேள்விக்கு ஒரு டொபி, பதிலுக்கு ஒரு ஸ்டிக்கர் என்று தொடங்கிவிடாதீர்கள். 1973இல் லெப்பர், கிரீன், நிஸ்பெட் மூவரும் வெளியிட்ட ஆய்வில், படம் வரைந்தால் பரிசு என்று முன்கூட்டிச் சொல்லப்பட்ட முன்பள்ளிப் பிள்ளைகள், பிறகு பரிசில்லாத வேளையில் வரைந்த நேரம் மற்றவர்களின் ஏறக்குறைய பாதிதான். டொபி நின்ற நாளில் கேள்வியும் நின்றுவிடும்.

"அதிகப்பிரசங்கி", "பெரியவங்கள எதிர்த்துக் கேக்காத" என்ற பேச்சு நம் வீடுகளில் சர்வ சாதாரணம். பெண் பிள்ளை என்றால் இன்னும் இரண்டு சொல் கூடும். கேள்வி கேட்பதையும் மரியாதையையும் பிரித்துச் சொல்லிக் கொடுங்கள்: "தாத்தா, ஒண்ணு கேக்கட்டுமா?" என்று தொடங்கப் பழக்கினால் பெரியவருக்கும் முகம் கோணாது, பிள்ளையின் கேள்வியும் தப்பிக்கும்.

ஒரு போனுக்கு மூன்று பிள்ளைகள் என்றால் நேரத்தைப் பங்கு போடுவது சண்டையில்தான் முடியும். கேள்வியைப் பங்கு போடுங்கள்: திங்கள் மூத்தவருடையது, செவ்வாய் நடுவானவருடையது என்று. பார்ப்பது எல்லோரும் சேர்ந்து.

பிள்ளை செய்ததை எல்லோருக்கும் காட்ட ஆசை வரும். சீருடையோ பாடசாலைப் பெயரோ தெரியும் படத்தைப் பொதுவில் போடாதீர்கள். இணையத்தில் யாராவது பிள்ளையைத் தொந்தரவு செய்தால் தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையின் 1929க்கு அழையுங்கள்.

மூன்று மாதம் கழித்து

கொப்பியை முதல் பக்கத்திலிருந்து பிள்ளையோடு புரட்டுங்கள். "இது என்ன?" என்று தொடங்கியவை "ஏன்", "எப்படி", "இப்படிச் செஞ்சா என்ன ஆகும்" என்று மாறியிருந்தால் நன்றாகப் போகிறது. எல்லாக் கேள்வியும் கேமையும் கார்ட்டூனையும் பற்றியே இருந்தால், ஒரு வாரத்துக்கு மாலைப் போன் நேரத்தைப் பாதியாக்கி, அந்தப் பாதியைக் கைக் கேள்விகளுக்குக் கொடுங்கள். விடை கிடைக்காத பக்கங்களைக் கிழிக்காமல் மூலையை மடித்து வையுங்கள், டீச்சரிடம் காட்டலாம்.

வழக்கமாகக் கேட்கும் பிள்ளை இரண்டு மூன்று வாரமாக ஒன்றுமே கேட்கவில்லையென்றால் சோம்பல் என்று முடிவு கட்டிவிடாதீர்கள். முதலில் தூக்கத்தைப் பாருங்கள், அதாவது இரவு எத்தனை மணிவரை போன் பக்கத்தில் இருக்கிறது என்று. பிறகு முதுகுக்குப் பின்னால் நின்று மெதுவாகப் பெயர் சொல்லிக் கூப்பிட்டுப் பாருங்கள், திரும்புகிறதா? போனை மூக்குக்கு அருகே கொண்டுபோகிறதா, தூரத்துப் பெயர்ப்பலகையைக் கண்ணைச் சுருக்கிப் பார்க்கிறதா? தரம் 1 பிள்ளைகளுக்குச் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனை பாடசாலையில் மருத்துவப் பரிசோதனை நடத்துகிறது. அந்த நாளில் பிள்ளையை வீட்டில் நிறுத்தாமல் அனுப்புங்கள், நீங்கள் கவனித்ததை ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதி டீச்சரிடம் கொடுத்துவிடுங்கள்.